மாமாவும் நானும் கதைக்கத் தொடங்கிய கிழமை

மாமா,

இன்று காலை சோறு அடிப்பிடித்துவிட்டது. சட்டியின் அடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வாசம் அலுமாரிக்குள் இருக்கும் உடுப்பு வரைக்கும் போய்விட்டது. ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சட்டியைக் கிணற்றடியில் ஊறவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன் விறாந்தையிலிருந்து உங்கள் குரல் வரும் என்று என்னை அறியாமலே காத்திருந்தேன். "ரிஸ்னா, உங்க வாப்பாட்ட கேளு மகள், வீட்டுக்கு நெருப்பு வெச்சது ஆரெண்டு." குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உங்கள் சாய்மனைக் கதிரையில் பூனை படுத்திருந்தது. அதற்கும் வாசம் பிடிக்கவில்லைபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சித்திரை லீவு விட்டாயிற்று. உங்கள் மகள் பரீட்சை விடைத்தாள் திருத்தக் குருநாகலுக்குப் போயிருக்கிறாள். ஒரு கிழமைக்கு நானும் மூன்று பிள்ளைகளும்தான் வீட்டில். போன வருடத்துக்கு முந்திய வருடமும் இதே லீவு, இதே விடைத்தாள், இதே அடிப்பிடித்த சோறு. அன்றைக்கு நீங்களும் இருந்தீர்கள். அந்தக் கிழமையைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதுவரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தோம், நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை நேராகக் கதைத்ததில்லை. ஒருமுறை கதைத்தீர்கள், பொய் சொல்லக்கூடாது. நிக்காஹ் அன்றைக்கு என் கையைப் பிடித்து, மகளை எனக்குத் தந்ததாகச் சொன்னீர்கள். அதையும் லெப்பை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுத்துத்தான் சொல்லவைத்தார்.

அதற்குக் காரணம் நம் இருவருக்கும் தெரியும். நான் உங்கள் வீட்டுத் தண்ணி மோட்டரைத் திருத்த வந்தவன். பாலாவிச் சந்தியில் மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் உங்கள் மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். ஒரு வருடம் கழித்து என் உம்மா பெண் கேட்டு ஆள் அனுப்பினா. நீங்கள் விறாந்தையில் நின்று சொன்னது தெருக் கேட்டடியில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. "மோட்டர் திருத்த வந்தவன் மோட்டரத் திருத்திட்டுப் போகோணும். காம்ப்புப் பொடியனுக்கு என்ட புள்ளையக் குடுக்கிறதுக்கு நான் வளர்க்கல்ல." உப்பளத்தில் நூறு பேரை வேலை வாங்கிய குரல் அது. எனக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்கு நின்ற ஆட்களுக்கும் கேட்டிருக்கும்.

மன்னாரிலிருந்து எங்களை வெளியேற்றியபோது எனக்கு ஆறு வயது. புத்தளத்து அகதிக் காம்ப்பின் ஓலைக் கொட்டிலில்தான் வளர்ந்தேன். காம்ப்புப் பொடியன் என்றது பொய்யில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காது சுட்டது. உங்கள் மகள் இரண்டு வருடம் வேறு மாப்பிள்ளை எவனையும் பார்க்கமாட்டேன் என்று நின்றாள். மாமியும் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டா, வீட்டில் நீங்கள் இருவரும்தான். கடைசியில் சம்மதித்தீர்கள். நான் உங்கள் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்தேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள்.

மூடிக்கொண்டீர்கள் என்றும் சொல்லமுடியாது. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் உங்கள் மகளிடம் சொல்வீர்கள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. "மகள், மாப்பிள்ளைட்ட சொல்லு, கேட்டப் பூட்டச் சொல்லி." நானும் அவளைப் பார்த்தே பதில் சொல்வேன். "பூட்டிட்டன் எண்டு சொல்லு." அவள் நடுவில் நின்று, பழைய காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வாள். பிறகு பிள்ளைகள் பிறந்தன. அவளுக்கு அலுத்துப்போய், திரும்புவதைக்கூட விட்டுவிட்டாள்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு சித்திரை வருடப்பிறப்பும் வந்தது. அவளுக்கு விடைத்தாள் திருத்தக் கடிதம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "ரெண்டு பேரும் சண்டை பிடிக்காம இரிங்க," என்றாள்.

"சண்டை பிடிக்கிறதுக்குக் கதைக்கோணுமே," என்றேன்.

நீங்கள் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மகள், அவருட்ட சொல்லு, எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்ல எண்டு," என்றீர்கள்.

பஸ் போனது. எக்ஸ்சேஞ்சும் அதோடு போனது. அந்த வேலை பதினொரு வயது ரிஸ்னாவின் தலையில் விழுந்தது.

ரிஸ்னா அந்த வேலையைத் தாய் செய்த மாதிரிச் செய்யவில்லை. அவள் செய்திகளைத் திருத்தினாள். இரண்டாம் நாள் மோட்டர்சைக்கிள் மீன்காரரிடம் ஒரு பை சூடை மீன் வாங்கிவிட்டேன். சின்ன மீன் மலிவு, வாங்கியபிறகுதான் தெரியும் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும் என்று. நான் கிணற்றடியில் குந்தியிருந்து படும் பாட்டை நீங்கள் விறாந்தையிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். "உங்க வாப்பாட்ட கேளு, அந்த மீன இண்டைக்குத் திங்கவா, அடுத்த பெருநாளைக்கா எண்டு," என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் என்னிடம் வந்து, "வாப்பா, மீன் கழுவ மூத்தாப்பா உதவிக்கு வரட்டாமா எண்டு கேக்குறாங்க," என்றாள்.

எனக்குக் கையிலிருந்த மீன் நழுவிவிட்டது. "வேணாம், அவங்களுக்குக் கஷ்டம் எண்டு சொல்லு," என்றேன். அவள் உங்களிடம் போய், "மூத்தாப்பா, வாப்பா உங்கள வரச் சொல்லிக் கெஞ்சிறாங்க," என்று சொன்னாளாம்.

நீங்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு கிணற்றடிக்கு வந்து நின்ற காட்சியை நான் மறக்கமாட்டேன். நான் எழும்பிவிட்டேன், எதற்கும் தயாராக. நீங்கள் குந்தி, மீனை எடுத்துக் கழுவத் தொடங்கினீர்கள். நானும் குந்தினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தப் பை முடியும்வரை கழுவினோம். அவர் ஏன் கெஞ்சினார் என்று நீங்களும், இவர் ஏன் வந்தார் என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தோம். காகங்களுக்குத்தான் அன்றைக்கு நல்ல நாள்.

அவளுக்கு நேர்மாறு அஸ்லம். எட்டு வயது, கேட்டதைக் கேட்டபடியே சொல்வான், முணுமுணுத்ததையும் சேர்த்து. நான் கடைக்குட்டி ஸைனபுக்குத் தலை பின்னிவிட்டபோது உங்களிடமிருந்து வந்து நின்றான். "வாப்பா, மூத்தாப்பா சொன்னாங்க, புள்ளட தலையில காகம் கூடு கட்டியிரிக்காம்."

எனக்கும் சூடு ஏறிவிட்டது. "ஏலுமெண்டா அவங்களக் கட்டச் சொல்லு," என்றேன். அதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

விறாந்தையில் கதிரை கிரீச்சிட்டது. நீங்கள் வந்து ஸைனபைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்தவளின் தலையில் இரண்டு பின்னல், இறுக்கமாக, சமமாக. எனக்கு வெட்கமாகிவிட்டது. இரவு அவிழ்க்கப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நீங்கள் போட்டிருந்தது உப்பு மூட்டை கட்டும் முடிச்சு. அதை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் முடியும். அந்தப் பின்னலோடுதான் அவள் அந்தக் கிழமை முழுக்கத் திரிந்தாள், படுத்தாள், குளித்தாள்.

வருடப்பிறப்பு அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டுச் சோமா அக்கா தட்டு நிறையக் கொக்கிஸும் பலகாரமும் கொண்டுவந்து தந்தார். வருடா வருடம் தருவார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. உங்கள் மகள் இருந்தால் அந்தத் தட்டில் வட்டிலப்பம் போகும். சோமா அக்கா வீட்டில் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கொக்கிஸைப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். தட்டைக் கழுவி மேசையில் வைத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நீங்களும் விறாந்தையிலிருந்து அதைப் பார்த்தீர்கள். "உங்க வாப்பாட்ட கேளு, இந்த வருஷம் அந்த வீட்டுக்கு என்ன போகுது எண்டு," என்று ரிஸ்னாவிடம் சொன்னது எனக்கே கேட்டது.

ரிஸ்னாவுக்கோ அவசரம். தெருமுனையில் வருடப்பிறப்பு விளையாட்டுகள் தொடங்கிவிட்டன, தலையணைச் சண்டை, கயிறிழுப்பு, ஒலிபெருக்கியில் பாட்டு. என்னிடம் ஓடிவந்து, "வாப்பா, உங்களுக்கு வட்டிலப்பம் செய்யத் தெரியும் எண்டு மூத்தாப்பாட்ட சொல்லிட்டன். அவங்க கருப்பட்டி தேடித் தருவாங்க," என்றாள். உங்களிடம் ஓடிப்போய், "வாப்பா வட்டிலப்பம் செய்யப்போறாங்க, உங்களக் கருப்பட்டி எடுத்துத் தரட்டாம்," என்றாள். தம்பியையும் இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டாள்.

எனக்கு வட்டிலப்பம் சாப்பிடத்தான் தெரியும். முட்டை போகும், தேங்காய்ப்பால் போகும், கித்துள் கருப்பட்டி போகும் என்ற அளவுக்கு அறிவு. ஆனால் நீங்கள் அதற்குள் எழும்பிச் சாமான் அறைக்குள் போய்விட்டீர்கள். ஏலக்காய் தேடி நானும் பின்னால் போனேன். நீங்கள் மேல் தட்டில் டின்களை உருட்டிக்கொண்டிருந்தீர்கள், நான் கீழே போத்தல்களை மோந்துகொண்டிருந்தேன். அந்த அறையின் கொண்டி வெளியே இருக்கிறது. லைட் சுவிட்சும் வெளியே.

கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது. லைட் அணைந்தது.

"ஸைனப்," என்றேன். "கதவத் தொற மகள்."

"பரீட்சை நடக்குது. சத்தம் போடக் கூடாது," என்றது வெளியிலிருந்து நாலு வயதுக் குரல். தாய் போனதிலிருந்து அவள் டீச்சர் விளையாட்டுத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் பிள்ளைகளாக இருந்தது கோழிகள்.

"ஸைனப், மூத்தாப்பாவுக்கு மூச்சு முட்டுது, தொறங்க புள்ள," என்றீர்கள் நீங்கள்.

"பெல் அடிச்ச பொறகுதான்."

நீங்கள் தொண்டையைச் செருமி, கதவைப் பார்த்துச் சொன்னீர்கள். "மகள், உங்க வாப்பாட்ட கேளு, போன் எங்க எண்டு."

நான் உங்கள் முழங்கை என்மேல் படும் தூரத்தில் நின்றேன்.

"வாப்பா, போன் எங்க எண்டு மூத்தாப்பா கேக்குறாங்க," என்றாள் ஸைனப் வெளியிலிருந்து.

"குசினில, சார்ஜ்ல போட்டிரிக்கி எண்டு சொல்லு."

"மூத்தாப்பா, குசினிலயாம்."

"அப்ப அத எடுத்துக்கொண்டு வரச் சொல்லு," என்றீர்கள். சொல்லிவிட்டு, யாரை எடுத்துவரச் சொல்கிறோம் என்று நீங்களே யோசித்திருப்பீர்கள், இருட்டில் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

"ரெண்டு பேரும் கதைக்கிறீங்க," என்றாள் டீச்சர். "கதைச்சா பேப்பரப் பறிச்சிருவன். நான் மத்த வகுப்பப் பாத்துட்டு வாரன்." சின்னக் கால்கள் தப்தப்பென்று தூரப் போயின. ஒரு கோழி அலறியது.

நாம் இருவரும் இருட்டில் நின்றோம். ஒலிபெருக்கியில் பைலாப் பாட்டு. நான் கதவை இடித்தேன், கத்தினேன். பைலாவுக்குத் தாளம் போட்டதுதான் மிச்சம். கூரைக்குக் கீழே ஒரு காற்றோட்டத் துவாரம் மட்டும், அதில் பூனைகூட நுழையாது. சொல்லி அனுப்ப ஆளில்லாமல், ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் தேங்காய்க் குவியல், நடுவில் நீங்களும் நானும். நீங்கள் மூச்சை இழுப்பதும் விடுவதும் கேட்டது. எதையோ சொல்ல வாயெடுக்கிறீர்கள், விடுகிறீர்கள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

"மருமகன்," என்றீர்கள்.

என் பெயர் அது என்று விளங்கவே கொஞ்சம் நேரம் எடுத்தது.

"மருமகன், இருக்கிறீங்களா?"

"இருக்கிறன் மாமா. எங்க போற?"

நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன், ஆனால் அது எப்போதும் வேறு யாருக்கோ சிரித்த சிரிப்பு.

"அரிசி மூட்டையில இரிங்க. இங்கால எனக்குப் பக்கத்தில," என்றீர்கள். தடவித் தடவி வந்து உட்கார்ந்தேன். உங்கள் மடியில் ஏதோ பொட்டலம் பிரியும் சத்தம். கருப்பட்டி கிடைத்துவிட்டது. உங்களுக்குச் சீனி வருத்தம் என்று மகள் இனிப்பு வாசத்தையே உங்கள் பக்கம் காட்டமாட்டாள். முறிக்கும் சத்தம் கேட்டது. என் கையில் ஒரு துண்டை வைத்தீர்கள்.

"அவக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"ஆரு சொல்ற மாமா. எங்களுக்குத்தான் ஆளில்லயே."

அதற்கும் சிரித்தீர்கள். கருப்பட்டியை மென்றுகொண்டே, அடுத்த வீட்டுக் கதை மாதிரிச் சாதாரணமாகத்தான் தொடங்கினீர்கள்.

"அண்டைக்கு நீங்க கேட்டடியில நிண்டீங்க தானே."

"ஓம் மாமா."

"கேட்டிரிக்கும்."

"கேட்டது."

இன்னொரு துண்டு முறிந்தது. "முதல் வருஷம் எனக்குக் கோபம்தான். அது பொய்யில்ல. பொறகு ரிஸ்னா பொறந்தா. ஆஸ்பத்திரியில நீங்க புள்ளையத் தூக்கி எனக்கிட்ட நீட்டினீங்க. அண்டைக்கே கோபம் போயிட்டு."

"அப்ப ஏன் மாமா கதைக்கல்ல?"

"பழகிட்டு. என்னத்தச் சொல்லித் தொடங்குற? அப்பிடியொரு சொல்லச் சொன்ன வாயால, நல்லா இரிக்கிறீங்களா எண்டு கேக்க ஏலுமா?"

"எதையாவது கேட்டிரிக்கலாம். தண்ணி வருதா எண்டு கேட்டிரிக்கலாம்."

"அதையும் யோசிச்சன்," என்றீர்கள். "தண்ணி நல்லா வந்துக்கொண்டு இருந்திச்சே. நீங்க திருத்தின மோட்டர் ஒருநாளும் பழுதாகல்ல. ஒருக்காவது நிண்டிருந்தா அதச் சாட்டிக் கதைச்சிருப்பன்."

இதைச் சொன்னபோது உங்கள் குரலில் உண்மையான மனக்குறை இருந்தது. நான் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கக் கூடாது என்ற மாதிரி.

"நீங்களும் கதைக்கல்ல தானே," என்றீர்கள்.

"எனக்குப் பயம்."

"என்னக் கண்டா?" என்று கேட்டீர்கள். அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

பிறகு பாட்டு மாறும் இடைவெளியில், குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னீர்கள். "நீங்க ஆக்களெல்லாம் வந்த வருஷம், எங்கட உம்மா பெரிய சட்டி வெச்சுச் சோறாக்கினாங்க. நான்தான் வண்டியில ஏத்திக்கொண்டு வந்து காம்ப்புல குடுத்த. நீங்களும் அதில சாப்பிட்டிருப்பீங்க."

"சாப்பிட்டிருப்பன் மாமா. பருப்பும் சோறும் வந்தது ஞாபகம்."

"அதுதான். பருப்பும் சோறும். சோத்தக் கொண்டுவந்து குடுத்தவன்தான் பொறகு அப்பிடிச் சொன்னான், பாருங்க மருமகன்."

என் கையில் இருந்த துண்டை முறித்துப் பாதியை உங்கள் கையில் வைத்தேன். அதற்குமேல் அந்தக் கதையை நாம் இருவரும் எடுக்கவேயில்லை. நீங்கள் உடனே, பாலாவிச் சந்தியில் நான் வைத்திருக்கும் கடையில் லொறித் தூசிக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். நான் சொன்னேன். நீங்கள் உப்பளத்தில் தார்ப்பாய் போட்ட கதையைச் சொன்னீர்கள். ஒருவர் நிறுத்த ஒருவர் தொடங்கி, ஏதோ பல வருடம் ஒன்றாக மீன் பிடித்தவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அதுதான் பிசகாகிப்போனது.

அஸ்லம் தண்ணி குடிக்க வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறான். சாமான் அறைக்குள் இரண்டு ஆம்பிளைக் குரல் கதைப்பது கேட்டிருக்கிறது. ஒன்று வாப்பாவின் குரல் மாதிரி, மற்றது மூத்தாப்பாவின் குரல் மாதிரி. ஆனால் வாப்பாவும் மூத்தாப்பாவும் கதைப்பதில்லை என்பது அவன் பிறந்ததிலிருந்து அறிந்த உண்மை. ஆகவே அது கள்ளர்கள். கொண்டி வெளியிலிருந்து பூட்டியிருக்கிறதே என்று யோசிக்க எட்டு வயதுக்கு நேரமில்லை. விளையாட்டு நடந்த இடத்துக்கு ஓடிப்போய், நேரே ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லியிருக்கிறான்.

பாட்டு சட்டென்று நின்றது. நாம் இருவரும் கதையை நிறுத்திக் காதைக் கொடுத்தோம். முற்றத்தில் நிறையக் காலடிகள்.

"ரெண்டு பேராம்," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"கத்தி கித்தி இரிக்குமோ தெரியா."

"ஆரோ கள்ளன் வந்திட்டான் மருமகன்," என்று என் காதுக்குள் சொன்னீர்கள் நீங்கள். "நல்லவேளை, நாங்க உள்ளுக்க இரிக்கிறம்."

கொண்டி விலகியது, கதவு பறந்து திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. முன்னால் சோமா அக்காவின் புருஷன், தலையணைச் சண்டையிலிருந்து அப்படியே வந்தவர், தலையணையைத் தலைக்குமேல் ஓங்கிக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் நாலைந்து தலையணை, ஒரு விக்கெட் பொல்லு, கயிறிழுத்த கயிறு. எல்லாருக்கும் பின்னால் அஸ்லம். அரிசி மூட்டையில் நாம் இருவரும், வாயெல்லாம் கருப்பட்டி பூசிக்கொண்டு.

அஸ்லம்தான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வாப்பா, நீங்க மூத்தாப்பாவோடயா கதைச்சீங்க?"

"ஓம்," என்றேன்.

"நேரா?"

"நேராத்தான்," என்றீர்கள் நீங்கள், வாயைத் துடைத்துக்கொண்டு.

சோமா அக்கா எட்டிப் பார்த்து, "முதலாளி, என்ன இது வாயெல்லாம்?" என்று கேட்டார்.

"உங்கட தட்டுக்கு வட்டிலப்பம் செய்யத்தான் வந்தம்," என்றீர்கள் மிகுந்த மரியாதையோடு. "கருப்பட்டி நல்லதா எண்டு பாத்தம். நல்லதுதான்."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. ஒலிபெருக்கிக்காரர் அன்று பின்னேரம்வரை ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் நம்மைப் பற்றி ஏதாவது சொன்னார். டீச்சரைத் தேடிப்போனால், மேசைக்குக் கீழே பென்சிலைப் பிடித்தபடி நித்திரை. சோமா அக்காவின் தட்டில் அந்த வருடம் கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்புப் போனது. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். நான் கேட்டடியில் நின்று பார்த்தேன், போகும்போதே திரும்பி, "மருமகன், ஒரு சீப்புக் காணுமா?" என்று தெருவே கேட்கக் கேட்டீர்கள். உப்பளத்துக் குரல்.

கிழமை முடிந்து மகள் வந்து இறங்கியபோது, நாம் விறாந்தையில் இருந்து எதையோ கதைத்துக்கொண்டிருந்தோம். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு, "என்ன நடந்த? ஆருக்கு என்ன?" என்று கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஆட்கள் மௌத்தானால்தான் நாம் கதைப்போம் என்று அவள் நினைத்திருந்தாள்போலும். விஷயத்தைக் கேட்டு நம்ப அவளுக்கு இரண்டு நாள் எடுத்தது, ஸைனபின் பின்னலை அவிழ்க்க மூன்று நாள்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது ஒரு வருடமும் கொஞ்சமும். சேர்த்துவைத்த கதையையெல்லாம் அதற்குள் முடித்துவிடப் பார்த்தீர்கள். காலையில் நான் பல் விளக்கும்போது தொடங்குவீர்கள். கடைக்குப் போனால் போன் வரும். "மருமகன், மோட்டர் ஒரு மாதிரி இருமுது." வந்து பார்த்தால் மோட்டர் நன்றாக ஓடும். "இப்ப சரியாகிட்டு. இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." கடையில் வேலை கிடக்கும், இருந்தாலும் இருப்பேன். ஒருநாள் நான் மகளிடம், "முந்தி வீடு எவ்வளவு அமைதியா இருந்தது," என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி.

அந்த நாட்களில்தான் யானைக் கதை தொடங்கியது. உங்களுக்கு இருபது வயது. எலுவன்குளத்தில் உங்கள் வாப்பாவின் வயலுக்குக் காவல். விடியற்காலை வெளிச்சம் வந்து, குடிலுக்கு வெளியே ரேடியோவைப் போட்டுக்கொண்டு முகம் கழுவுகிறீர்கள். திரும்பினால் காட்டுப் பக்கமிருந்து வந்த கொம்பன் யானை. ரேடியோவையும் தூக்கிக்கொண்டு பாலை மரத்தில் ஏறிவிட்டீர்கள். யானை மரத்துக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. ரேடியோவை நிறுத்தினால் அது கோபித்துக்கொண்டு மரத்தை முட்டுகிறது. போட்டால் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பற்றறி முடியப்போகிறது.

"அப்ப எப்பிடி மாமா எறங்கினீங்க?"

"பொறுங்க மருமகன். அவசரப்படாதீங்க."

அந்த இடத்தில்தான் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள், அல்லது கடைக்கு ஆள் வரும், அல்லது ஸைனப் விழுந்து அழுவாள். அடுத்தமுறை திரும்பவும் முகம் கழுவுவதிலிருந்து தொடங்குவீர்கள். நடுவிலிருந்து தொடங்க உங்களால் முடியாது. கடைசியாகப் புத்தளம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கினீர்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்த இடத்தில் நேர்ஸ் வந்து, பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்றார். "மிச்சம் நாளைக்கு," என்றீர்கள். எனக்கும் அவசரம் இருக்கவில்லை. நாளைக்குத்தானே என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மையவாடியில் கப்றுக் குழிக்குள் யார் இறங்குவது என்று கேட்டார்கள். உங்கள் தம்பி முன்னால் வந்து, "எங்கட காக்கா எனக்கிட்டச் சொல்லியிரிக்கிறார். மருமகன்தான் எறங்கோணுமாம்," என்றார். நான் இறங்கினேன். மேலிருந்து உங்களைத் தந்தார்கள், கீழிருந்து இரண்டு கையாலும் வாங்கினேன். ஓத வேண்டியதை ஓதினேன். அதற்குப் பிறகு என் வாயில் வந்தது, "மெதுவா, மாமா," என்பது மட்டும்தான். பக்கத்தில் நின்றவர் தனக்குச் சொன்னதாக நினைத்து, "சரி, சரி," என்றார்.

யானைக் கதையின் மிச்சத்தை நான் கேட்காத ஆளில்லை. உங்கள் மகளுக்குத் தெரியாது, அப்படியொரு கதையே அவளிடம் நீங்கள் சொன்னதில்லையாம். உங்கள் தம்பி, யானைக்குப் பாட்டு அலுத்துப்போய்த் தானாகவே போனது என்கிறார். சலூன்காரர், கொப்பு முறிந்து நீங்கள் யானையின் முதுகிலேயே விழுந்ததாகச் சத்தியம் பண்ணுகிறார். சோமா அக்காவின் புருஷன், அது யானையில்லை, எருமை என்கிறார். ஒன்றையும் நான் ஏற்கவில்லை.

இன்று பகல், அடிப்பிடிக்காத மேல்சோற்றைக் கோதிப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த இடம்வரைக்கும். ரிஸ்னா போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அஸ்லம் யானையின் கொம்பு எவ்வளவு நீளம் என்று கேட்டான். ஸைனப் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் நின்றாள்.

"அப்ப மூத்தாப்பா எப்பிடி எறங்கினாங்க?"

"தெரியாது மகள். அதச் சொல்லல்ல."

அவள் யோசித்தாள். "அப்ப இன்னும் எறங்கல்லயா?"

நான் "இல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது? உங்களை இறக்கியது நான்தான், என் இந்த இரண்டு கைகளுக்கும் அது தெரியும். ஆனாலும் நான் கொண்டுதிரியும் கதையில் நீங்கள் இருபது வயதில், பாலை மரத்துக் கொப்பில், மடியில் ரேடியோவோடு இருக்கிறீர்கள். கீழே யானை காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பற்றறி இன்னும் முடியவில்லை.

அவசரப்படாதீங்க, மாமா.